ஏழாம் நம்பர் மூடி

பாலில் மருந்து இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கீற்று எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால், என் அண்ணனை நான் எப்படி விழுத்தாட்டினேன் என்பதும் புரிந்துவிடும்.

கீற்று ஒரு விரல் நீளம் இருக்கும். நுனியைப் பாலில் நனைத்தால் பால் அதன் வழியே மெல்ல மேலே ஏறும். ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத சிவப்புத் துகள்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு துகளுக்கும் கை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஒரு கோடு உண்டு. சுத்தமான பால் என்றால் துகள்கள் வெறுங்கையோடு வந்து அந்தக் கோட்டைப் பற்றிக்கொள்ளும், கோடு சிவக்கும். பாலில் மாட்டு மருந்து கலந்திருந்தால் துகள்களின் கை ஏற்கெனவே மருந்தைப் பிடித்திருக்கும். கோட்டைப் பிடிக்கக் கை ஏது? கடந்து போய்விடும். கோடு வெளுத்தே கிடக்கும். சிவந்தால் பிழைத்தோம், வெளுத்தால் செத்தோம். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பன்னிரண்டு பால் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பால் ஆலை ஒரு நம்பர் கொடுத்திருந்தது. அண்ணன் வீடு தெரு முனையில், நம்பர் ஒன்று. நாங்கள் நாலு. தெருக்கோடியில், ஊருக்கெல்லாம் சித்தப்பாவாகிவிட்ட ஒரு கிழவர், நம்பர் ஏழு. மற்ற ஒன்பது பேரும் தாங்களாகவே விழுந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் போனது, ஒருவருக்குத் தீவன விலை கட்டவில்லை, இன்னொருவர் பிள்ளைகள் சாணி நாற்றம் வேண்டாம் என்று நகரத்துக்குப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் அண்ணன் தலையில் போடுவது நியாயமில்லை. அவன் தலையில் போட வேண்டியதை மட்டும் போடுகிறேன்.

ஆலையின் விதிகள் இரண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு வீட்டுக் கோடு மூன்று முறை வெளுத்தால், பால் லாரி அந்த வீட்டு வாசலில் இனி நிற்காது. அது முதல் விதி. அப்படி ஒரு வீடு போனால், அந்த வீடு ஊற்றி வந்த லிட்டர் அளவை அதே தெருவில் முதலில் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது இரண்டாவது. அண்ணன் எப்போதும் முதலில் கேட்பவன். சாவு வீட்டில் கூட அவன்தான் முதலில் நாற்காலி பிடிப்பான்.

எங்களிடம் ஒன்பது மாடுகள் இருந்தன. எட்டு மாதத்தில் மூன்று முறை எங்கள் கோடு வெளுத்தது. ஒரு வீட்டுக் கோடு வெளுத்தால் லாரியில் இருக்கும் மொத்தப் பாலையும் சாக்கடையில் திறந்துவிடுவார்கள். அப்போது மிச்சமிருந்த ஆறு வீட்டுப் பாலும் எங்களால் போனது. மூன்றாவது முறை அண்ணன் தெரு நடுவில் நின்றுகொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னான்.

"நாங்கல்லாம் பால் ஊத்துறோம். என் தங்கச்சி மட்டும் மருந்துக்கடை நடத்துறா."

சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். நான் குனியவில்லை. ஏனென்றால் அந்த வருடம் எங்கள் மாடு எதற்கும் ஒரு ஊசி கூடப் போடவில்லை.

ஆலைக்குப் போனேன். பரிசோதனை அறையில் இருந்தவரை எல்லோரும் லேப் மேடம் என்பார்கள். கறாரானவர், ஆனால் கேட்டால் காட்டுவார். கோடு வெளுத்த வீட்டின் மாதிரிப் பால் பாட்டில்களை முத்திரை வைத்து மூன்று வருடம் உறைபெட்டியில் வைத்திருப்பார்கள். இன்னும் முத்திரை வைக்காத எங்கள் மூன்றாவது பாட்டிலைத் திறந்து காட்டினார்.

"லாரிப் பாலையும் பார்த்தீங்களா மேடம்?"

"மூணாவது தடவைன்னா பார்ப்போம். அதுல ஒண்ணும் தெரியல. ரெண்டாயிரம் லிட்டர்ல உங்க தொண்ணூறு லிட்டர் எந்த மூலைக்கு? கரைஞ்சுபோயிருக்கும்."

அது சரியான பதில்தான். ஆனால் பாட்டிலின் கழுத்தில், மூடி திருகும் பள்ளத்தில், நூல் பருமனுக்கு நீலமாக ஏதோ இருந்தது.

மடிநோய்க்கு ஒரு மருந்து குழலில் வருகிறது. காம்புக்குள் பீய்ச்ச வேண்டும். அதில் வேண்டுமென்றே நீலச்சாயம் கலப்பார்கள். மருந்து போட்ட மாட்டின் பால் நீலம் பாய்ந்து வரும். யாரும் அசந்துபோய் நல்ல பாலோடு ஊற்றிவிட மாட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்தக் குழல் பெட்டி பெட்டியாகத்தான் கிடைக்கும். ஒன்பது மாடு வைத்திருப்பவர்கள் வாங்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பெட்டியாக வாங்குபவன் ஒருவன்தான்.

"பால் வெள்ளையாத்தானே இருக்கு மேடம்? கழுத்து மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

"நீலம் இருந்தா மருந்து இருக்குன்னு அர்த்தம். வேற அர்த்தமெல்லாம் ரூல்ல இல்லம்மா."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்தவனைச் சொல்ற. வாயைக் கழுவு" என்றார். லாரி எங்கள் வாசலில் நின்றுபோனதும் எட்டு மாடுகளை அண்ணனே வாங்கிக்கொண்டான், ஏதோ பெரிய மனது பண்ணுவது போல. ஒன்றை மட்டும் நான் விடவில்லை. அடுத்த மாதமே என் வீட்டுக்காரர் அவனிடம் கறவை வேலைக்குப் போனார். எங்கள் மாடுகளை, அவன் கொட்டகையில், அவன் நேரத்துக்குக் கறந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவை திரும்பிப் பார்க்குமாம். கூப்பிடக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். அங்கே மாடுகளுக்கும் நம்பர்தான்.

ஒன்றரை வருடம் கழித்து நானும் வேலை கேட்டுப் போனேன். பால் அறை கழுவும் வேலை.

"ரோஷம் போச்சா?" என்றாள் அண்ணி.

"பசிக்கு முன்னாடி ரோஷம் எங்க அண்ணி நிக்கும்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. துடைப்பத்தைக் கொடுத்தாள்.

பால் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு லாரி வரும். ஓட்டுநருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். தெருவில் கோழி குறுக்கே போனாலும் அரை நிமிடம் அமுக்குவான். லாரியின் குழாயை அண்ணனின் குளிர்தொட்டியில் மாட்டிவிட்டு, மாதிரிப் பாட்டில் தட்டைத் தொட்டி மேலேயே வைத்துவிட்டு, அண்ணி வீட்டுச் சமையலறைக்குச் சாப்பிடப் போவான். தொட்டி காலியாக இருபது நிமிடம் ஆகும். திரும்பி வந்துதான் முதல் பாட்டிலை நிரப்புவான். பிறகு தட்டோடு அடுத்த வீடு.

பாட்டில்கள் வெளிச்சம் புகாத கெட்டி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இருக்கும். வெயில் பட்டால் பால் கெடும் என்பதால் அப்படி. ஆலையில் தினமும் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். கொதிநீரில் பாட்டில் மேல் எழுதியது நிற்காது. அதனால் நம்பரை மூடியில் மட்டும், காலையில் கறுப்பு மையால் புதிதாக எழுதித் திருகி அனுப்புவார்கள். யோசித்துப் பாருங்கள். பாட்டிலுக்கு அடையாளமே இல்லை. மூடி எதுவோ அதுதான் பாட்டில். இத்தனை வருடமாக யாருக்கும் அது உறுத்தவில்லை, பாலைத் தொடுகிறவர்கள் யாரும் மூடியைப் பற்றி யோசிப்பதில்லை. அண்ணன் ஒருவன்தான் யோசித்திருந்தான். இரண்டாவதாக நான்.

நான் சேர்ந்தபோது தெருவில் இரண்டே வீடுகள் மிச்சம். ஒன்றும் ஏழும். சித்தப்பாவின் கோடு அதற்குள் இரண்டு முறை வெளுத்திருந்தது. பதினொரு மாடு வைத்திருக்கும் மனிதர், மடிநோய்க்கு உப்பு ஒத்தடம் கொடுக்கிறவர். அண்ணன் புதிதாக ஒரு கொட்டகை எழுப்பி அறுபது மாடுகளை இறக்கியிருந்தான். அவற்றின் பாலை ஊற்ற அளவு வேண்டும். சித்தப்பாவின் அளவு சிறியதுதான், ஆனால் தெருவில் ஒரே வீடு என்றாகிவிட்டால் ஆலை தனி ஒப்பந்தம் போடும், அளவுக்கு வரம்பே கிடையாது. அவனுக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு வெளுப்பு.

தினமும் ஹாரன் சாப்பிடப் போனதும் நான் தரை கழுவும் தண்ணீர்க் குழாயோடு உள்ளே நுழைவேன். தட்டில் ஏழாம் நம்பர் மூடியைத் திறந்து பாட்டிலுக்குள் பார்ப்பேன். வெறும் வெள்ளை. மூடுவேன். நாற்பத்தோரு நாள் வெள்ளை. நான்தான் அநியாயமாகச் சந்தேகப்படுகிறேனோ என்று கூட ஒரு நாள் தோன்றியது.

நாற்பத்திரண்டாவது நாள் அண்ணன் எனக்கு முன்னால் உள்ளே போய், வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தான். நான் போய்த் திறந்தேன். அடியில் மிளகு அளவுக்கு ஒரு நீலச் சொட்டு.

ஏழின் மூடியை எடுத்து ஒன்றின் பாட்டிலில் திருகினேன். ஒன்றின் மூடியை நீலச் சொட்டு இருந்த பாட்டிலில் திருகினேன். அவ்வளவுதான். தரையைக் கழுவினேன்.

மேடத்திடம் அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை வெளுத்த வீட்டுக்காரி, அண்ணன் வீட்டில் துடைப்பம் பிடிப்பவள், கையில் மருந்து பாட்டிலோடு போய் நின்றால் யாரைப் பிடிப்பார்கள்? அதுவும் ஒரு காரணம். அவன் ஊற்றியது அவன் தொண்டையிலேயே இறங்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மதியம் அண்ணனின் கைபேசி ஒலித்தது. நான் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணா? சரியாப் பாருங்க மேடம், ஏழா இருக்கும்… என்னது, ஒண்ணேதானா?"

அன்று சாயங்காலம் அவன் பால் அறையில் தனியாக நின்று, பழைய மூடி ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்திலும் தூரத்திலுமாகப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் ஏழும் அவசரமாக எழுதினால் ஒரே மாதிரிதான் இருக்கும். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவன் யாரையும் சந்தேகப்படவில்லை, தன் கண்ணைச் சந்தேகப்பட்டான். மறு வாரம் மூக்குக்கண்ணாடியோடு வந்தான்.

"அண்ணே, கண்ணாடி எடுப்பா இருக்கே. மேனேஜர் மாதிரி இருக்கீங்க" என்றேன்.

"வேலையைப் பாரு."

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாவது சொட்டை விட்டான். நான் மூடிகளை மாற்றினேன். மதியம் கைபேசி ஒலித்தது. அன்றைக்கு அவன் யாரோடும் பேசவில்லை. கண்ணாடிக் கடைக்காரனைத் தவிர. அவனோடு அரை மணி நேரம் கத்தினான்.

இப்போது அவனுக்கும் இரண்டு, சித்தப்பாவுக்கும் இரண்டு. புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். ஆனால் சித்தப்பாவின் முதல் வெளுப்புக்கு அந்த மாதக் கடைசியோடு பன்னிரண்டு மாதம் முடிகிறது. முடிந்தால் அது கழிந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அறுபது மாடுகளின் பாலில் பாதியை அவன் தினமும் கன்றுகளுக்கும் வடிகாலுக்கும் விட்டுக்கொண்டிருந்தான். மாட்டை நிறுத்தி வைக்க முடியாது, அதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடி நிறையும், கறக்காவிட்டால் வீங்கும், காய்ச்சல் வரும். அவனுக்கு அவசரம்.

இருபத்தெட்டாம் தேதி காலை. நான் பக்கத்து வாளி அறையில் இருந்தேன். நடுவில் தகரத் தடுப்பு மட்டும்தான்.

"இதைப் படி" என்றான் அண்ணன்.

"ஏழு" என்றாள் அண்ணி.

"நல்லாப் பார்த்துச் சொல்லுடி. மூஞ்சியக் கழுவிட்டுத்தானே வந்த?"

"ஏழுங்க. மேல கோடு இருக்கு, பாருங்க. குடை மாதிரி."

"சத்தியமா?"

"நம்ம பிள்ளைங்க மேல சத்தியமா ஏழு. விடுங்க, நான் தோசைய… அடுப்புல ஒண்ணு கிடக்கு, தீயுது."

இருவரும் போனார்கள். நான் உள்ளே வந்து ஏழின் மூடியைத் திறந்தேன், நீலச் சொட்டு இருந்தது. சன்னல் வழியே, கொட்டகையில் என் வீட்டுக்காரர் எங்கள் பழைய சிவப்பு மாட்டைக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த மூடியை மாற்றினால் அவருக்கும் வேலை போகும். இங்கே சம்பளம் வாங்கும் பதினான்கு பேருக்கும் போகும். இதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் செய்தேன் என்று சொன்னால் பொய். நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, நிதானமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே மூடிகளைத் திருகினேன்.

மூன்றாவது முறை என்பதால் மதியம் லேப் மேடமே வந்துவிட்டார். பால் அறையில்தான் பேசினார்கள். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. துடைப்பம் பிடித்தவள் சுவர் மாதிரி.

"விதிப்படி லாரிப் பாலையும் பார்த்தேன்" என்றார் மேடம். "சுத்தமா இருக்கு. இன்னைக்கு லாரியில கிட்டத்தட்ட முழுசும் உங்க பால்தான். உங்க பாட்டில்ல அவ்வளவு மருந்து இருந்தா லாரியில தெரியாம இருக்காது. அப்போ பால்ல மருந்து இல்ல, பாட்டில்லதான் இருக்கு. யாரோ போட்டிருக்காங்க."

"பார்த்தீங்களா!" என்றாள் அண்ணி.

மேடம் ஒரு தாளை எடுத்துத் தொட்டி மேல் வைத்தார். "புகார் எழுதிக் கொடுங்க. எழுதினா உங்களை நீக்கறதை நிறுத்தி வைப்பேன். இந்த பாட்டிலோட, உறைபெட்டியில இருக்கற பழைய பாட்டில் எல்லாத்தையும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவோம். எந்தப் பெட்டி மருந்து, யார் வாங்கினதுன்னு வரைக்கும் சொல்லிடுவாங்க."

"பழைய பாட்டில்னா?" என்றான் அண்ணன்.

"எல்லாம்தான். ஏழாம் நம்பரோடது ரெண்டு இருக்கு. நாலாம் நம்பரோடது மூணு இருக்கு. அந்தம்மா அப்பவே கழுத்துல நீலம் இருக்குன்னு ஏதோ சொன்னாங்க." மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த அறைக்குள்ள யார் யார் வருவாங்க?"

"நான் வருவேன் மேடம்" என்றேன். "தினமும் கழுவுறது நான்தான். அண்ணே, என் பேரையே எழுதுங்க. தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். ஒன்று, ஏழு, மூடி, மூக்குக்கண்ணாடி, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து உட்கார்ந்ததை நான் நின்று ரசித்தேன். இரண்டு வருடம் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

"எழுதுங்க! இவதான்! இவளைத் தவிர வேற யாரு?" அண்ணி பேனாவை அவன் கையில் திணித்தாள்.

"வாயை மூடு" என்றான்.

"ஏங்க, பண்ணையே போயிடும்ங்க!"

"மூடுன்னு சொன்னேன்ல."

பேனாவைத் தொட்டி மேல் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்து, துடைத்து, மேடத்திடம் கொடுத்தேன்.

"புகார் இல்லையா?" என்றார் மேடம்.

"இல்ல" என்றான் அண்ணன். "மாட்டுக்கு மருந்து போட்டது… கவனக்குறைவு."

மேடம் அவனை, பிறகு என்னை, பிறகு மறுபடியும் அவனைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பழையதும் புதியதுமாக இருநூறு மாடுகளையும் கறந்தோம். கறந்து, வடிகாலில் விட்டோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாட்டுத் தரகர்கள் வந்தார்கள். என் எட்டு மாடுகளும் யார் வண்டியில் ஏறின என்று நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்தார். வந்து என்னிடம், "இப்ப நிம்மதியா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை தெருக்கோடியில் சித்தப்பா இரண்டு பால் கேன்களோடு நின்றிருந்தார். ஆறு மணியாயிற்று. ஏழாயிற்று. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஹாரன் சத்தமே காணோமேம்மா."

கைபேசியில் ஹாரனைக் கூப்பிட்டேன். "அக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். "உங்க தெருவையே வெட்டிட்டாங்க. நூத்திப் பத்து லிட்டருக்கு யாரு லாரி அனுப்புவா? டீசலுக்கே கட்டாது."

லாரி எப்படி ஓடுகிறது, எந்த அளவுக்குக் கீழே போனால் ஒரு தெருவைக் கைவிடுவார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அண்ணன் பால்தான் இத்தனை நாளும் சித்தப்பா வாசலுக்கு லாரியை இழுத்து வந்தது.

சித்தப்பாவிடம் சொன்னேன். லாரியைப் பற்றி மட்டுமல்ல, மூடி, நீலச் சொட்டு, மூன்று காலைகள், எல்லாம். அவர் கேன் மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு முறை, கண்ணாடி விஷயம் வந்தபோது, சிரித்தார்.

"படுபாவி. எனக்கு விரிச்ச வலையா!" என்றார். பிறகு பக்கத்துக் கேனின் மூடியை இறுக்கினார்.

"ஏம்மா, பக்கத்துலயே குழாய் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"பாட்டில் ரெண்டையும் திறந்துதானே வச்சிருந்த? அந்தச் சொட்டைக் கழுவி விட்டிருந்தா எனக்கும் ஒண்ணும் ஆயிருக்காது, லாரியும் இன்னைக்கு வந்திருக்குமே?"

"வந்திருக்கும்."

"தினமும் கழுவி விட்டிருந்தா, தினமும் வந்திருக்கும்."

"ஆமா சித்தப்பா."

"அப்புறம் ஏம்மா?"

"அவனும் இருந்திருப்பான்" என்றேன்.